தாவும் மரபணுக்களை அடக்கும் பை-ஆர்என்ஏ: பழ ஈயின் அண்டகத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பழ ஈக்களில் ஒரே கலப்பை இரண்டு விதமாகச் செய்து பார்க்கலாம். வெளியில் பிடித்த ஆண் ஈயை, பல பத்தாண்டுகளாக ஆய்வகப் புட்டிகளிலேயே வளர்ந்த வம்சத்துப் பெண் ஈயுடன் சேர்த்து, சந்ததியை 29 டிகிரி செல்சியஸில் வளர்த்தால் மகள்களின் அண்டகங்கள் சூம்பிப்போகின்றன. அவை முட்டையிடுவதில்லை. அடுத்து, ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றுங்கள். வெளியில் பிடித்த பெண், ஆய்வக வம்சத்து ஆண். இப்போது மகள்கள் எந்தக் குறையும் இல்லாமல் முட்டையிடுகின்றன. இரண்டு கலப்பிலும் மகள்களின் உட்கருவில் இருக்கும் டிஎன்ஏ ஏறத்தாழ ஒன்றுதான். அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வந்தது?

1970களில் மார்கரெட் கிட்வெல்லும் உடன் ஆய்வு செய்தவர்களும் விவரித்த இந்தப் புதிருக்கு 2008இல்தான் தெளிவான விடை கிடைத்தது. விடையின் பெயர் பை-ஆர்என்ஏ, அதாவது தாவும் மரபணுக்களை அடக்கும் மிகச் சிறிய ஆர்என்ஏக்கள். பாடநூல்கள் இதைப் புரதப் பெயர்கள் நிரம்பிய ஒரு படத்துடன் தொடங்குகின்றன. அந்தப் படத்தை மனப்பாடம் செய்தவர்களால்கூட இந்தக் கலப்புக்கு விளக்கம் சொல்ல முடிவதில்லை. ஆகவே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். முதன்மை எடுத்துக்காட்டு பழ ஈயின் அண்டகம். மற்ற விலங்குகள் பிறகு வரும்.

படி 1: யாரை அடக்க வேண்டும்?

மரபணுத்தொகையில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவக்கூடிய டிஎன்ஏ துண்டுகளை 1940களில் மக்காச்சோளத்தில் கண்டறிந்தவர் பார்பரா மெக்ளின்டாக். நோபல் பரிசு அவரை வந்தடைய 1983 ஆனது. மனித மரபணுத்தொகையில் ஏறத்தாழ பாதி இந்தத் துண்டுகளிலிருந்தும் அவற்றின் சிதைந்த எச்சங்களிலிருந்தும் வந்ததுதான்.

இவற்றில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. ஒன்று, தன்னையே வெட்டி எடுத்து வேறிடத்தில் ஒட்டிக்கொள்வது. நம் கலப்பில் வரும் பி-கூறு இந்த வகை. 2,907 கார இணை (டிஎன்ஏவின் எழுத்து ஜோடி) நீளமே கொண்ட இது, தன்னை வெட்டி ஒட்டும் நொதியைத் தானே குறியீடு செய்கிறது. மற்றொன்று, முதலில் ஆர்என்ஏ படியாகி, அதிலிருந்து மீண்டும் டிஎன்ஏ ஆகிப் புது இடத்தில் நுழைவது. பழ ஈயின் ஜிப்ஸி, எலியின் எல்1, ஐஏபி ஆகியவை இந்த வகை. இதில் மூலப்படி இருந்த இடத்திலேயே இருக்க, ஒவ்வொரு தாவலிலும் எண்ணிக்கை கூடுகிறது.

தோல் செல் ஒன்றில் நடக்கும் தாவல் அந்த உடலோடு முடிந்துவிடும். அண்டத்துக்கோ விந்தணுவுக்கோ போகும் செல்லில் நடந்தால் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும். தாவும் கூறு தன் வம்சத்தைப் பெருக்க வேண்டிய இடம் இனச்செல்தான். அதைத் தடுத்தாக வேண்டிய இடமும் அதுவே.

தடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பழ ஈயின் முட்டையிலேயே பார்க்கலாம். நல்ல முட்டையின் முன்பகுதியில், முதுகுப்பக்கமாக, துடுப்புப் போன்ற இரண்டு நீட்சிகள் இருக்கும். பை-ஆர்என்ஏ பாதையின் மரபணுக்கள் பழுதான தாய் இடும் முட்டைகளில் அவை ஒன்றாக ஒட்டிப்போயிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. தாவல்களால் டிஎன்ஏ உடைகிறது. உடைப்பைக் கவனிக்கும் சிஎச்கே2 என்னும் நொதி எச்சரிக்கை எழுப்புகிறது. அதனால் முட்டையின் முதுகு எது, வயிறு எது என்று தீர்மானிக்கும் சமிக்ஞை குழம்பிவிடுகிறது. அந்த நொதியையும் சேர்த்து நீக்கினால் முட்டையின் வடிவம் பெருமளவு சீராகிறது, ஆனால் தாவல் நிற்பதில்லை. எச்சரிக்கை மணியை மட்டும் அணைத்திருக்கிறோம்.

படி 2: பகைவர் பட்டியல் எங்கே இருக்கிறது?

இந்தப் பாதையின் உயிர்நாடி இதுதான் என்பது என் கருத்து. ஆகவே இங்கே சற்று நின்று போவோம்.

ஒரு டிஎன்ஏ துண்டைப் பார்த்து, இது தாவும் கூறு என்று செல் எப்படித் தெரிந்துகொள்ளும்? கூறுகளின் வரிசைகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. எல்லாவற்றுக்கும் பொதுவான முத்திரை எதுவும் கிடையாது. நாளை புதிதாக ஒன்று வேற்றினத்திலிருந்து வந்து சேரலாம். பி-கூறே அப்படி வந்ததுதான். டிரோசோபிலா வில்லிஸ்டோனி என்ற உறவினத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டிரோசோபிலா மெலனோகாஸ்டருக்குள் நுழைந்து, சில பத்தாண்டுகளில் உலகெங்கும் பரவிவிட்டது. அதற்கு முன்பே பிடித்து ஆய்வகத்தில் அடைத்த வம்சங்களில் மட்டும் அது இல்லை.

விடை பிரான்சில் தொடங்கியது. ஜிப்ஸி கூறு சில வம்சங்களில் அடங்கியும் சில வம்சங்களில் கட்டவிழ்ந்தும் இருப்பதைக் கண்ட ஆய்வாளர்கள், 1990களில் அதற்குக் காரணமான இடத்தை எக்ஸ் குரோமோசோமில் கண்டுபிடித்து ஃபிளமென்கோ என்று பெயரிட்டார்கள். அங்கே ஒரு புரதத்தின் மரபணு இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. தேடியும் எந்தப் புரதமும் கிடைக்கவில்லை. அந்த நீண்ட பகுதி முழுவதும் பழைய தாவும் கூறுகளின் உடைந்த துண்டுகளே அடுக்கடுக்காகக் கிடந்தன.

2007இல் கிரெகரி ஹானனின் ஆய்வுக்குழு பழ ஈ அண்டகத்தின் சிறு ஆர்என்ஏக்களைப் பெருமளவில் வரிசைப்படுத்தி மரபணுத்தொகையின் மேல் பொருத்திப் பார்த்தபோது படம் தெளிவானது. 23 முதல் 29 நியூக்ளியோடைடு (ஆர்என்ஏவின் எழுத்து) வரை நீளமுள்ள அந்த ஆர்என்ஏக்கள் குறிப்பிட்ட சில பகுதிகளில் குவிந்து கிடந்தன. இவையே பை-ஆர்என்ஏ கொத்துகள். ஃபிளமென்கோ அவற்றில் ஒன்று. இரண்டாம் குரோமோசோமின் 42ஏபி இன்னொன்று. அது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைகள் கொண்டது.

ஃபிளமென்கோவில் கிடக்கும் துண்டுகளில் பெரும்பாலானவை தலைகீழாக இருக்கின்றன. ஆகவே அங்கிருந்து எடுக்கப்படும் படி, தாவும் கூறின் ஆர்என்ஏவுக்கு எதிரிழையாக அமைந்து, அதனுடன் பொருந்தி ஒட்டிக்கொள்ளும். பகையை அடையாளம் காண்பது இந்த ஒட்டுதலால்தான்.

இப்படிப் பார்த்தால் செல் எதையும் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டியதில்லை. புதிதாக வந்த கூறு தாவிக்கொண்டே இருக்கும். என்றோ ஒருநாள், ஏதோ ஓர் ஈயில், அதன் ஒரு படி கொத்துக்குள் போய் விழும். விழுந்த நொடியிலிருந்து அந்தக் கொத்தின் படியில் அதன் வரிசையும் சேர்ந்துவிடும். அந்த ஈயின் சந்ததி காப்பாற்றப்படும். பொறி மாதிரியம் என்று இதைச் சொல்வார்கள்.

மாதிரியம் அழகாக இருக்கிறது என்பதற்காக அதை முழுதாக நம்பிவிடக் கூடாது. 2021இல் 42ஏபி உட்பட மூன்று பெரிய கொத்துகளை நீக்கிப் பார்த்தார்கள். ஈக்கள் மலடாகவில்லை, தாவும் கூறுகளும் பெரிதாகக் கட்டவிழவில்லை. மரபணுத்தொகையெங்கும் சிதறிக் கிடக்கும் தனித்தனிக் கூறுகளே பை-ஆர்என்ஏ உற்பத்தி செய்யும் இடங்களாகவும் மாறிவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். ஃபிளமென்கோவின் நிலை வேறு. அது பழுதானால் ஜிப்ஸி வெளிப்படுகிறது. ‘கொத்துதான் எல்லாம்’ என்று எழுதும் கட்டுரையைப் படிக்க நேர்ந்தால், எந்தக் கொத்து, எந்தச் செல் என்று கேளுங்கள்.

படி 3: எந்தச் செல் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

பழ ஈயின் ஒவ்வொரு முட்டை அறையிலும் ஒரு கருமுட்டையும் அதை ஊட்டி வளர்க்கும் 15 செவிலிச் செல்களும் இருக்கின்றன. இந்த 16-உம் இனச்செல் வழி வந்தவை. அவற்றைச் சுற்றி உறைபோல் சூழ்ந்திருக்கும் ஃபாலிக்கிள் செல்கள் உடல்செல்கள்.

உடல்செல்லில் எதற்குப் பாதுகாப்பு என்று தோன்றும். ஜிப்ஸி ஏறத்தாழ வைரஸ் போன்றது. உறைப்புரதத்தின் மரபணுவும் அதனிடம் உண்டு. ஃபாலிக்கிள் செல்லில் துகள்களாக உருவாகி, பக்கத்தில் இருக்கும் கருமுட்டைக்குள் அது புகுந்துவிடும். ஆகவே அங்கே ஃபிளமென்கோவும் பீவி என்ற ஒரே ஒரு புரதமும் காவல் நிற்கின்றன. இனச்செல்களில் பீவி, ஆபெர்ஜீன், ஆர்கோநாட்3 என்று மூன்று புரதங்கள் உண்டு. மூன்றும் ஒரே குடும்பம். பை-ஆர்என்ஏவைத் தாங்கிக்கொண்டு இலக்கைத் தேடுவதுதான் இவற்றின் வேலை.

படி 4: கொத்திலிருந்து சிறு ஆர்என்ஏ வரை

ஃபிளமென்கோ சாதாரண மரபணுவைப் போலவே ஒரு முனையிலிருந்து ஒரே திசையில் படியெடுக்கப்படுகிறது. இனச்செல்களின் 42ஏபி போன்ற கொத்துகள் விசித்திரமானவை. இரண்டு இழைகளும் படியெடுக்கப்படுகின்றன. அதுவும், படியெடுத்தலைத் தடுக்கும் என்று நாம் படித்திருக்கும் மெத்தில் குறியுள்ள ஹிஸ்டோன்களின் (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களின்) நடுவிலிருந்தே. ரைனோ என்ற புரதம் அந்த மெத்தில் குறியைப் பற்றிக்கொள்கிறது. டெட்லாக், கட்டாஃப் என்ற இரண்டும் அதனுடன் சேர்கின்றன. மூன்ஷைனர் என்ற இன்னொரு புரதம் வழக்கமான தொடக்க வரிசை இல்லாமலேயே படியெடுத்தலைத் தொடங்கிவைக்கிறது. வழக்கமான ஸ்பிளைசிங் (ஆர்என்ஏவின் இடைத்துண்டுகளை வெட்டி நீக்கி மீதியை ஒட்டுவது) அங்கே அடக்கப்படுகிறது. ஊமையாக்கும் குறியே உற்பத்தியின் அடையாளமாகிறது.

உட்கருவைவிட்டு வெளியே வந்த நீண்ட படி, மைட்டோகாண்டிரியாவின் வெளிச்சவ்வில் அமர்ந்திருக்கும் சூக்கினி என்ற நொதியிடம் போகிறது. அது படியை ஒரு முனையிலிருந்து அடுத்தடுத்து வெட்டிக்கொண்டே போகிறது, பெரும்பாலும் யுராசில் என்ற எழுத்துக்கு முன்னால். ஒரு துண்டு முடியும் இடத்திலேயே அடுத்த துண்டு தொடங்குகிறது. பை-ஆர்என்ஏக்களில் மிகப் பலவற்றின் முதல் எழுத்து யுராசிலாக இருப்பதற்கு இது ஒரு காரணம். அந்த யுராசிலை விரும்பி ஏற்கும் பீவி குடும்பப் புரதங்களின் குழி இன்னொரு காரணம். கடைசியில் ஹென்1 என்ற நொதி 3' முனையில் (ஆர்என்ஏவின் இறுதி முனையில்) ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்து, ஆர்என்ஏவைச் சிதைவிலிருந்து காக்கிறது. இந்த மெத்தில் படி 8இல் நமக்குப் பயன்படும்.

மைக்ரோஆர்என்ஏவை (மரபணுக்களை அடக்கும் இன்னொரு வகைச் சிறு ஆர்என்ஏவை) படித்துவிட்டு வருபவர்கள், அதை வெட்டித் தரும் டைசர் என்ற நொதி இங்கே எங்கே என்று தேடுவார்கள். பை-ஆர்என்ஏ உருவாவதற்கு டைசர் தேவையில்லை. டைசர் வெட்டுவது இரட்டை இழையை; இங்கே மூலப்படி ஒற்றை இழை.

படி 5: பிங்பாங் சுழற்சியைக் கையால் எண்ணிப் பாருங்கள்

2007இல் ஹானன் குழுவும் ஜப்பானில் சியோமி குழுவும் தனித்தனியே கண்டறிந்தது இது. ஒரு தாளை எடுத்து வரைந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஆபெர்ஜீன் புரதம் எதிரிழைப் பை-ஆர்என்ஏ ஒன்றைத் தாங்கியிருக்கிறது. இந்தப் பை-ஆர்என்ஏதான் வழிகாட்டி. அதன் எழுத்துகளுக்கு 5' முனையிலிருந்து (தொடக்க முனையிலிருந்து) 1, 2, 3 என்று எண்ணிடுங்கள். தாவும் கூறின் ஆர்என்ஏ எதிர்த்திசையில் வந்து ஒட்டுகிறது. புரதம் அதை வெட்டும் இடம் எப்போதும் ஒன்றே: வழிகாட்டியின் 10-ஆம், 11-ஆம் எழுத்துகளுக்கு எதிரே இருப்பவற்றின் இடையில். வெட்டியபின் கிடைக்கும் துண்டின் புதிய 5' முனை, வழிகாட்டியின் 10-ஆம் எழுத்துக்கு எதிரே இருக்கும். அதற்கு 1 என்று எண்ணிட்டுக்கொண்டு நகருங்கள். 9-க்கு எதிரே 2, 8-க்கு எதிரே 3, கடைசியில் வழிகாட்டியின் 1-க்கு எதிரே 10.

அந்தத் துண்டை ஆர்கோநாட்3 ஏற்றுக்கொண்டு இன்னொரு பை-ஆர்என்ஏ ஆக்குகிறது. அது கொத்திலிருந்து வரும் எதிரிழைப் படியை அதே முறையில் வெட்ட, மீண்டும் ஆபெர்ஜீனுக்கான பை-ஆர்என்ஏ கிடைக்கிறது. சுழற்சி தொடர்கிறது. தாவும் கூறு எவ்வளவு அதிகமாகப் படியெடுக்கப்படுகிறதோ அவ்வளவு அதிகமாக அதற்கு எதிரான ஆர்என்ஏவும் பெருகுகிறது. இதெல்லாம் உட்கருவை ஒட்டியிருக்கும் நுவாஜ் என்ற மேகத்திட்டுப் பகுதியில், வாசா முதலிய புரதங்களின் உதவியுடன் நடக்கிறது.

எண்ணியதிலிருந்து இரண்டு தடயங்கள் கிடைக்கின்றன. எதிரெதிர் இழைப் பை-ஆர்என்ஏக்களின் 5' முனைகள் சரியாக 10 எழுத்து மேற்படியும். ஒன்றின் முதல் எழுத்து யுராசிலாக இருந்தால் மற்றதன் 10-ஆம் எழுத்து அடினைனாக இருக்கும். யுராசில் அடினைனோடு இணைவதால்தான் இது என்று பலர் எழுதுகிறார்கள். அந்த விளக்கம் தவறு. வழிகாட்டியின் முதல் எழுத்து புரதத்தின் குழிக்குள் செருகியிருக்கிறது, இலக்கோடு இணைவதே இல்லை. அந்த இடத்துக்கு எதிரே அடினைன் உள்ள இலக்கை ஆபெர்ஜீன் தானாகவே விரும்புகிறது என்பது 2014இல் காட்டப்பட்டது.

படி 6: உட்கருவுக்குள் ஊமையாக்குதல்

வெட்டுவது பாதி வேலை. பீவி புரதம் பை-ஆர்என்ஏவுடன் உட்கருவுக்குள் போய், தாவும் கூறின் படியெடுத்தலையே நிறுத்துகிறது. இதற்கு அதன் வெட்டும் திறன் தேவையில்லை. உட்கருவுக்குள் நுழைய வேண்டும், அவ்வளவுதான். நுழைய முடியாதபடி மாற்றிய பீவி பை-ஆர்என்ஏவைத் தாங்கும், ஆனால் அடக்காது.

பீவி தேடுவது டிஎன்ஏவை அல்ல, அதிலிருந்து அப்போதுதான் உருவாகிவரும் ஆர்என்ஏவை. ஆகவே அடக்கப்பட வேண்டிய கூறு சிறிதாவது படியெடுக்கப்பட்டாக வேண்டும். ஒட்டியதும் பனோரமிக்ஸ், என்எக்ஸ்எஃப்2 முதலிய புரதங்கள் கூடுகின்றன. அவற்றின் வழியாக, மூன்றாம் ஹிஸ்டோனின் 9-ஆம் லைசினில் மூன்று மெத்தில் தொகுதிகளை வைக்கும் எக்லெஸ் என்ற நொதியின் வேலை தொடங்குகிறது. அந்தக் குறியை எச்பி1 என்ற புரதம் பற்றிக்கொள்ள, குரோமட்டின் (டிஎன்ஏவும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த கட்டமைப்பு) இறுகுகிறது. இந்த வரிசையை உறுதிசெய்த சோதனை எளிமையானது. பனோரமிக்ஸைச் செயற்கையாக ஓர் ஆர்என்ஏவில் கட்டிவைத்தால் பை-ஆர்என்ஏ இல்லாமலேயே அந்த மரபணு அடங்குகிறது. பீவியை அப்படிக் கட்டிவைத்தால் அடங்குவதில்லை.

படி 7: தாய் தருவது

அண்டகத்தில் உருவான பீவியும் ஆபெர்ஜீனும், தாங்கியிருக்கும் பை-ஆர்என்ஏக்களோடு, முட்டையின் பின்முனையில் சேர்த்துவைக்கப்படுகின்றன. கருவின் இனச்செல்கள் உருவாகும் இடம் அதுதான். விந்தணு இப்படி எதையும் கொண்டுவருவதில்லை.

முதல் கலப்பில் பி-கூறு தந்தை வழியாக வந்தது. ஆய்வக வம்சத்துத் தாய்க்கு அந்தக் கூறு தெரியாது, ஆகவே அதற்கெதிரான பை-ஆர்என்ஏவும் முட்டையில் இல்லை. கூறு தடையின்றித் தாவியது. மறு கலப்பில் தாயிடம் கூறும் இருந்தது, அதற்கான பை-ஆர்என்ஏவும் இருந்தது. தாய் தரும் அளவு சிறிது. ஆனால் அது மகளின் உடலில் இரண்டு வேலைகளைத் தொடங்கிவைக்கிறது: கொத்துகளின் மேல் மெத்தில் குறி வைப்பது, பிங்பாங் சுழற்சிக்கு முதல் வெட்டைத் தருவது. அதன்பின் மகள் தானே உற்பத்தி செய்துகொள்கிறாள், தன் முட்டையிலும் வைக்கிறாள். பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், டிஎன்ஏ வரிசையில் மாற்றமே இல்லாமல், தாயிடமிருந்து வந்த சிறு ஆர்என்ஏவால் விழித்துக்கொண்ட கொத்து 50 தலைமுறைகளாக விழித்தேயிருந்தது.

இன்னொன்றும் உண்டு. முதல் கலப்பின் மகள்களில் சூம்பல் முழுமையாகாத சூழலில், வயது ஏற ஏற சில முட்டையிடத் தொடங்குகின்றன. தந்தையிடமிருந்து வந்த பி-கூறுக்கு எதிராகவே அவை மெல்லப் பை-ஆர்என்ஏ தயாரிக்கக் கற்றுக்கொள்கின்றன என்பது 2011இல் காட்டப்பட்டது.

மற்ற விலங்குகளில் விவரங்கள் மாறுகின்றன, தர்க்கம் அதிகம் மாறுவதில்லை. ஆண் எலியின் கருவில், இனச்செல்களின் டிஎன்ஏ மெத்தில் குறிகள் அழிக்கப்பட்டு மீண்டும் எழுதப்படும் இடைவெளியில் எல்1, ஐஏபி கூறுகள் தலைதூக்குகின்றன. மிவி2 என்ற பீவி குடும்பப் புரதம் அந்தக் கூறுகளின் டிஎன்ஏவிலேயே மெத்தில் குறி வைக்க வழிகாட்டுகிறது. அது இல்லாத ஆண் எலிகள் மலடு. பெண் எலிகளுக்கு ஒரு குறையும் தெரிவதில்லை. அதை வைத்துப் பாலூட்டிப் பெண்களுக்கு இந்தப் பாதை தேவையில்லை என்று நெடுநாள் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2021இல் பொன்னிற வெள்ளெலியில் பீவி குடும்பப் புரதம் ஒன்றை நீக்கியபோது பெண்களும் மலடாயின. விதிவிலக்கு எலிதான். அதே ஆண்டில், பை-ஆர்என்ஏவின் 3' முனையைச் செதுக்கும் பிஎன்எல்டிசி1 நொதியின் மரபணு பழுதான ஆண்களுக்கு விந்துவில் விந்தணுவே இல்லாத மலட்டுத்தன்மை இருப்பது தெரியவந்தது.

ஆஸ்திரேலியாவின் கோலாக்களில் ஒரு ரெட்ரோவைரஸ் இப்போதும் இனச்செல்களுக்குள் குடியேறிக்கொண்டிருக்கிறது. 2019இல் அவற்றின் விதையகங்களை ஆராய்ந்தபோது, ஸ்பிளைசிங் ஆகாத வைரஸ் ஆர்என்ஏ நேராகவே பை-ஆர்என்ஏக்களாக வெட்டப்படுவது தெரிந்தது. எதிரிழை இல்லை, கொத்தில் விழுந்ததற்கான அடையாளமும் இல்லை. பொறியில் விழுவதற்கு முன்பே ஒரு முதற்கட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் காலத்தில் நம் கண்ணெதிரே நடக்கும் படையெடுப்பு என்பதால் இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது.

படி 8: தரவில் நீங்களே பார்க்க

பொதுத் தரவுக்களஞ்சியங்களில் பழ ஈ அண்டகத்தின் சிறு ஆர்என்ஏ தொகுப்புகள் நிறையக் கிடைக்கின்றன. ஒன்றை இறக்கிக்கொண்டு இப்படிச் செய்யுங்கள்.

முதலில் அடாப்டர் வரிசையை (வரிசைப்படுத்துவதற்காக முனைகளில் ஒட்டிய செயற்கைத் துண்டை) நீக்குங்கள். பிறகு 2எஸ் ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்குங்கள். பழ ஈக்களில் அது 30 நியூக்ளியோடைடு நீளம், பை-ஆர்என்ஏவின் நீளத்தை ஒட்டியே நிற்கும். தொகுப்பு தயாரிக்கும்போதே அதைத் தடுக்காவிட்டால் தரவின் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொள்ளும்.

மிஞ்சியவற்றின் நீளப் பரம்பலை வரையுங்கள். 21, 22-இல் ஒரு மேடு, 23 முதல் 29 வரை ஒரு அகன்ற மேடு. முதலாவது சைஆர்என்ஏவும் (இரட்டை இழையிலிருந்து வெட்டப்படும் சிறு ஆர்என்ஏ) மைக்ரோஆர்என்ஏவும், இரண்டாவது நமக்கு வேண்டியது. பெர்அயோடேட் என்ற வேதிப்பொருள் கொண்டு ஆக்சிஜனேற்றம் செய்த தொகுப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. 3' முனையில் ஹென்1 வைத்த மெத்தில் உள்ளவை அதில் தாக்குப்பிடிக்கும், பழ ஈயின் மைக்ரோஆர்என்ஏக்களில் பெரும்பாலானவை தாக்குப்பிடிக்காது.

மரபணுத்தொகையில் பொருத்தும்போது ஒரு கவனம் தேவை. தாவும் கூறுக்குப் பல படிகள் உண்டு, ஆகவே ஒரே பை-ஆர்என்ஏ பல இடங்களில் பொருந்தும். எந்தக் கொத்து என்று சொல்ல ஒரே இடத்தில் பொருந்துபவற்றை மட்டும் எடுங்கள். எந்தக் கூறுக்கு எதிரானது என்று சொல்லக் கூறுகளின் பொதுவரிசைகளோடு பொருத்துங்கள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலக்காதீர்கள்.

பிங்பாங்கைக் காண, எதிரெதிர் இழை ஜோடிகளின் 5' முனை மேற்படிவு 1 முதல் 20 வரை ஒவ்வொன்றுக்கும் எத்தனை என்று எண்ணுங்கள். 10-இல் ஓங்கிய கம்பம் வர வேண்டும். சூக்கினியின் அடுத்தடுத்த வெட்டைக் காண, ஒரே இழையில் ஒரு பை-ஆர்என்ஏவின் 3' முனைக்கும் அடுத்ததன் 5' முனைக்கும் உள்ள தூரத்தை எண்ணுங்கள். இடைவெளியே இல்லாமல் ஒட்டி வருபவை மிகுந்திருக்கும்.

பை-ஆர்என்ஏ பாதை பழுதான ஈயை இயல்பான ஈயோடு ஒப்பிடும்போது மொத்த வாசிப்பு (வரிசைப்படுத்திய துண்டு) எண்ணிக்கையை வைத்துச் சமன்செய்யாதீர்கள். பை-ஆர்என்ஏ குறைந்த தொகுப்பில் மற்றவை கூடியதுபோலத் தோன்றும், மிஞ்சியிருக்கும் பை-ஆர்என்ஏவும் உள்ளதைவிடப் பெரிதாகக் காட்சி தரும். மைக்ரோஆர்என்ஏ எண்ணிக்கையை அளவுகோலாக வையுங்கள். ஆக்சிஜனேற்றம் செய்த தொகுப்பில் மைக்ரோஆர்என்ஏக்கள் போய்விடுவதால் இந்த அளவுகோல் பயன்படாது. ஒப்பீட்டுக்கு ஆக்சிஜனேற்றம் செய்யாத தொகுப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள்.